நீர், சக்கரம், பாதம்: 113 கிலோமீட்டர்ப் பயணம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

நீந்துவது ஒரு கலை. மிதிவண்டி ஓட்டுவது மற்றொரு கலை. நெடுந்தூரம் ஓடுவது மூன்றாவது கலை. இம்மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் ஓய்வெடுக்காமல் செய்து முடிக்க வேண்டும் என்று யாரேனும் கூறினால் நாம் என்ன சொல்வோம்? “இது மனிதர்களால் ஆகக்கூடிய காரியமா?” என்று கேட்டுச் சிரித்துவிடுவோம். ஆனால் இன்று உலகின் பல நாடுகளில் ஆசிரியர்களும், மருத்துவர்களும், அலுவலகங்களில் வேலை செய்பவர்களும், இல்லத்தரசிகளும் இதனைச் செய்து வருகிறார்கள். இப்போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். ‘டிரை’ என்பது மூன்றையும், ‘ஆத்லான்’ என்பது போட்டியையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள்.

நம் பள்ளியில் படித்து, இப்போது வங்கி ஒன்றில் பணிபுரியும் முன்னாள் மாணவி ஒருவர் இவ்வாண்டு விளையாட்டு விழாவிற்கு வந்திருந்தார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அவர், கோவாவில் நடைபெறும் அரைத்தூர டிரையத்லான் போட்டியில் கலந்துகொண்டவர். விழா முடிந்தபின் அவரைச் சுற்றி அமர்ந்து நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு அலுக்காமல் விடை கூறினார். அவர் கூறியவற்றையும், நான் படித்து அறிந்தவற்றையும் தோழியருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போட்டி பிறந்த கதை

இவ்விளையாட்டு மிகப் பழமையானது அன்று. 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற கடற்கழியின் கரையில் இது நடைபெற்றது. ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷானஹான் என்ற இருவர் இதனை ஏற்பாடு செய்தனர். கலந்துகொண்டவர்கள் 46 பேர். ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகிய மூன்றும் அதில் இருந்தன, தூரங்கள் சிறியவை. மாலையில் தொடங்கிய போட்டி முடிவதற்குள் இருட்டிவிட்டது. கடைசியாக நீந்திக்கொண்டிருந்தவர்களுக்கு மோட்டார் கார்களின் விளக்கொளியே வழிகாட்டியது!

அந்த 46 பேரில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் காலின்ஸ் என்பவரும், அவர் மனைவி ஜூடி காலின்ஸும் இருந்தனர். பின்னர் அவர்கள் ஹவாய்த் தீவுக்குச் சென்றார்கள். அங்கே விளையாட்டு வீரர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. உடல் வலிமையில் சிறந்தவன் நீச்சல்காரனா, மிதிவண்டிக்காரனா, ஓட்டக்காரனா? வாயால் பேசித் தீராத இவ்வழக்கைக் கடலிலும் சாலையிலும் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று காலின்ஸ் தம்பதியர் முடிவு செய்தனர். அத்தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பெரும் போட்டிகளை ஒன்றாக இணைத்தனர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம்! 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 வினாடி. அந்த 15 பேரில் ஒரு பெண்கூட இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற பெண்மணி கலந்துகொண்டு, ஆண்களையும் சேர்த்த வரிசையில் ஐந்தாவதாக வந்தார். இப்போட்டிக்கு ‘அயர்ன்மேன்’, அதாவது ‘இரும்பு மனிதன்’ என்று பெயர் வைத்தவர்கள் இரும்புப் பெண்களும் உண்டு என்பதை ஓராண்டிற்குள் அறிந்துகொண்டார்கள்.

1982-ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சி ஒன்றையும் கூறவேண்டும். ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, தம் பட்டப்படிப்பின் ஆய்வுக் கட்டுரைக்காக இப்போட்டியில் இறங்கினார். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த அவர், எல்லைக்கோட்டிற்குச் சில மீட்டர் முன்பாகக் கால்கள் செயலற்றுக் கீழே விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். அதற்குள் கேத்லீன் மெக்கார்ட்னி என்பவர் அவரைக் கடந்து சென்று வெற்றி பெற்றுவிட்டார். ஆயினும் ஜூலி மாஸ் கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து சென்று கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 29 வினாடிகள். தொலைக்காட்சியில் இதனைக் கண்ட மக்கள், வென்றவரோடு தவழ்ந்து வந்தவரையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகே இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முறையாக இடம் பெற்றது. பெண்கள் பிரிவில் முதல் தங்கப் பதக்கம் பெற்றவர் சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மக்மான்.

அரைத்தூரம் என்றால் என்ன?

ஹவாய்ப் போட்டியின் தூரங்களைச் சரிபாதியாகக் குறைத்தால் கிடைப்பதே அரைத்தூர டிரையத்லான். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் மிதிவண்டி, 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3 ஆதலால் அந்த எண்ணையே பெயராகக் கொண்ட போட்டித் தொடரும் உண்டு. அத்தொடரில் இந்தியாவின் முதற்போட்டி 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கோவாவில் நடைபெற்றது.

‘பாதி’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. 25 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளத்தில் 76 முறை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்தினால்தான் 1.9 கிலோமீட்டர் ஆகும். 400 மீட்டர் ஓடுபாதையில் மிதிவண்டியை 225 சுற்றுகள் ஓட்டினால்தான் 90 கிலோமீட்டர் ஆகும். பிறகு அதே பாதையில் ஏறக்குறைய 53 சுற்றுகள் ஓட வேண்டும். விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓடிவிட்டு நாம் மரத்தடியில் படுத்துவிடுவதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்!

முதற்கட்டம்: நீச்சல்

போட்டி அதிகாலையில் கடற்கரையில் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கணுக்காலில் சிறு பட்டை ஒன்றைக் கட்டுகிறார்கள். அதிலுள்ள மின்னணுக் கருவி, போட்டியாளர் எந்த இடத்தை எந்த நேரத்தில் கடந்தார் என்பதைக் குறித்துவிடும். எல்லோரும் ஒரே சமயத்தில் நீரில் பாய்ந்தால் கையும் காலும் மோதும் அல்லவா? அதனால் பல போட்டிகளில் சிலர் சிலராக, சில வினாடி இடைவெளியில் இறக்குகிறார்கள்.

குளத்தில் நீந்துவதற்கும் கடலில் நீந்துவதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போகலாம். கடலில் கோடு ஏது? நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். ஆகவே சில வீச்சுகளுக்கு ஒருமுறை, முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே தூக்கி, தொலைவில் மிதக்கும் வண்ண மிதவைகளைப் பார்த்துத் திசையைச் சரிசெய்து கொள்ள வேண்டும். திசை தவறினால் 1.9 கிலோமீட்டர் 2.2 கிலோமீட்டராக நீண்டுவிடும். உப்பு நீர் அடர்த்தி மிகுந்ததாகையால் உடல் எளிதாக மிதக்கும் என்பது ஒன்றே ஆறுதல்.

நம் அக்காவிற்குப் பள்ளியில் படித்த நாட்களில் நீச்சல் தெரியாதாம். 34-ஆம் வயதில், மாநகராட்சிக் குளத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், ஏழு வயதுச் சிறுமிகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டாராம். “கையும் காலும் தானாகவே பழகிவிடும், தங்கச்சிகளே! மூச்சுதான் பழக வேண்டும்” என்றார். பயம் வந்தவுடன் நாம் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். அடக்கிய மூச்சில் கரியமில வாயு சேர்கிறது. அதனால் மூச்சுத் திணறுவதாகத் தோன்றுகிறது. பயம் இன்னும் கூடுகிறது. இதற்கு மருந்து, முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் தலையைத் திருப்பும்போது உள்ளே இழுப்பதற்கு இடம் இருக்கும்.

இன்னொரு விதியும் எங்களை வியக்க வைத்தது. நீந்துவோரைச் சுற்றிச் சிறு படகுகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். களைத்தவர்கள் கையை உயர்த்தினால் படகு அருகில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இளைப்பாறலாம். படகு அவரை முன்னோக்கி இழுத்துச் செல்லாதவரை அது குற்றமாகாது. உதவி கேட்பது தோல்வியன்று என்பதை இவ்விதி எவ்வளவு அழகாகச் சொல்லுகிறது!

மாற்றிடம்

கரையேறியவுடன் போட்டியாளர் ஓடும் இடத்திற்கு ‘மாற்றிடம்’ என்று பெயர் கொடுக்கலாம். அங்கே நூற்றுக்கணக்கான மிதிவண்டிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நீச்சல் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, காலில் ஒட்டிய மணலைத் துடைத்து, காலுறையும் காலணியும் அணிந்து, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பிறகே வண்டியைத் தொடலாம் என்பது கண்டிப்பான விதி. இதற்குச் செலவாகும் நேரமும் போட்டி நேரத்தில் சேரும். எனவே எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு எடுப்பது என்று வீட்டிலேயே பலமுறை ஒத்திகை பார்க்கிறார்கள். தேர்வு நாளன்று காலையில் பேனாவைத் தேடுபவர்களுக்கு இது நல்ல பாடம்.

இரண்டாம் கட்டம்: மிதிவண்டி

போட்டியின் மிக நீண்ட பகுதி இதுவே. மிதிவண்டி வேகமாகச் செல்லும்போது முக்கிய எதிரி காற்று. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் போட்டியாளர்கள் முதுகைத் தாழ்த்தி, முழங்கைகளைக் கைப்பிடியின் நடுவே ஊன்றி, அம்பு போலக் குனிந்து செல்கிறார்கள்.

வேறொருவர் பின்னால் ஒட்டிச் சென்றால் காற்று தடுக்கப்பட்டு உழைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் இப்போட்டியில் அதற்கு அனுமதியில்லை. முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் 5 நிமிடம் நிற்க வேண்டியதுதான். சக்கரம் பஞ்சரானால் தாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். வீட்டார் வந்து உதவக் கூடாது. நம் அக்கா, தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து டியூப் மாற்றக் கற்றுக்கொண்டாராம்.

இங்கே விஞ்ஞானம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் உண்ணும் மாவுச்சத்து கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமிக்கப்படுகிறது என்று உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இச்சேமிப்பு ஏறத்தாழ 2,000 கிலோ கலோரி ஆற்றலைத் தரும். ஆனால் 113 கிலோமீட்டருக்கு இதைவிட மிகுதியாகத் தேவை. உடலில் கொழுப்பு வேண்டிய மட்டும் இருந்தாலும் அது மெதுவாகவே எரியும். கிளைக்கோஜன் தீர்ந்துபோனால் கண் இருளும், கைகால் தளரும், மனமும் சோர்ந்துபோகும். எனவே பசி எடுப்பதற்கு முன்பே, வண்டியில் அமர்ந்தபடியே, மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும். கடைகளில் இதற்கென்று இனிப்புக் கூழ்ப் பொட்டலங்கள் விற்கின்றன. நம் அக்கா கொண்டு சென்றவை வாழைப்பழம், பேரீச்சம்பழம், உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு, கடலைமிட்டாய்!

தண்ணீரும் அப்படியே. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியத்தின் அளவு குறைந்து, தலைவலியும் மயக்கமும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தும் நேரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது தண்ணீருக்கும் பொருந்தும்.

மூன்றாம் கட்டம்: ஓட்டம்

வண்டியை வைத்துவிட்டு ஓடத் தொடங்கும்போது கால்கள் தம்முடையவை அல்லாதன போலத் தோன்றுமாம். பல மணி நேரம் உட்கார்ந்த நிலையில் வட்டமாகச் சுழன்ற கால்கள், இப்போது உடலின் முழு எடையையும் தாங்கி, வேறு தசைகளைக் கொண்டு முன்னும் பின்னும் வீச வேண்டும். மூளையும் தசையும் புதிய தாளத்திற்கு மாறச் சற்று நேரம் பிடிக்கிறது. இதற்காகவே பயிற்சிக் காலத்தில் மிதிவண்டி ஓட்டி முடித்தவுடன் சிறிது தூரம் ஓடிப் பழகுகிறார்கள். இப்பயிற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘செங்கல்’. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதாலா, கால்கள் செங்கல் போலக் கனப்பதாலா என்று கேட்டதற்கு, “இரண்டும் உண்மைதான்” என்று அக்கா சிரித்தார்.

நம் நாட்டில் இக்கட்டத்தின் பெரும் எதிரி வெயில். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். இறைவன் படைத்த குளிர்சாதனப் பெட்டி இது! ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிச் சொட்டித் தரையில் விழுகிறது, உடல் குளிர்வதில்லை. அதனால் வழியில் அமைத்த நிலையங்களில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். ஈரப் பஞ்சை ஒற்றிக்கொள்கிறார்கள். பனிக்கட்டியைத் தொப்பிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஓட முடியாதவர்கள் நடக்கலாம். நடப்பவர்களை யாரும் கேலி செய்வதில்லை. எதிரே ஓடிவரும் முன்பின் அறியாதவர்கள்கூடக் கைதட்டி ஊக்குவிப்பார்களாம்.

ஆறு நிமிடங்கள்

இப்போட்டியில் நடக்கலாம், நிற்கலாம், இளைப்பாறலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. நீச்சலை 1 மணி 10 நிமிடத்திற்குள் முடிக்க வேண்டும். மிதிவண்டிப் பகுதியைத் தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்திற்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் 8 மணி 30 நிமிடத்திற்குள் முடித்தாக வேண்டும். இவ்வெல்லைகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து விலக்கப்படுவர்.

நம் அக்கா முதன்முறை கலந்துகொண்டபோது 58 நிமிடத்தில் நீந்திக் கரையேறினார். மகிழ்ச்சியிலும் பதற்றத்திலும் வண்டியின்மேல் முதல் 40 கிலோமீட்டருக்கு ஒன்றும் உண்ணவில்லை. பிறகு உண்ண முயன்றபோது வயிறு ஏற்கவில்லை. தொடையில் தசைப்பிடிப்பு ஏற்பட்டது. இருமுறை இறங்கி நின்றார். அவர் மாற்றிடத்தை அடைந்தபோது கடிகாரம் 5 மணி 36 நிமிடம் காட்டியது. ஆறு நிமிடம் தாமதம்! ஓர் அதிகாரி அன்போடு அருகில் வந்து, கணுக்காலிலிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டார்.

ஓராண்டாக அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டுப் பயிற்சி செய்ததெல்லாம் ஆறு நிமிடத்தில் போயிற்று. ஊர் திரும்பியபின், “இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்டவர்கள் சிலர். ஆனால் அவருடைய மாமியார் மட்டும், “ஆறு நிமிஷம்தானே? அடுத்த வருஷம் சரிசெய்துவிடு. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாராம். இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் சற்றுத் தழுதழுத்தது.

அடுத்த ஆண்டு அவர் உடலை மட்டுமன்றி வயிற்றையும் பழக்கினார். பயிற்சியின்போதே இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு வாய் உண்ணக் கற்றார். இம்முறை நீச்சல் 1 மணி 1 நிமிடம். சென்ற முறையைவிட மூன்று நிமிடம் மெதுவாக! வேண்டுமென்றே நிதானமாக நீந்தினாராம். மாற்றிடத்தில் 7 நிமிடம். மிதிவண்டி 3 மணி 58 நிமிடம். மீண்டும் 5 நிமிடம். ஓட்டமும் நடையுமாக 3 மணி 4 நிமிடம். மொத்தம் 8 மணி 15 நிமிடம். எல்லை மூடப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பாக அவர் கோட்டைக் கடந்தார். முதலில் வந்தவர்கள் அதற்குப் பல மணி நேரம் முன்னரே குளித்துச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆயினும் அவர் கழுத்தில் அணிவித்த பதக்கமும் முடித்தவர் அனைவருக்கும் அணிவிக்கும் அதே பதக்கமே.

‘அமெச்சூர்’ என்னும் சொல்

இவரைப் போன்றோரை ‘அமெச்சூர்’ என்கிறார்கள். இச்சொல்லை நாம் ‘அரைகுறையாகத் தெரிந்தவர்’ என்ற பொருளில் வழங்குகிறோம். ஆனால் அது நேசிப்பவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பணத்திற்காக அன்று, பரிசுக்காக அன்று. ஒரு காரியத்தின்மேல் கொண்ட அன்பிற்காகவே அதைச் செய்பவர் என்பதே அதன் உண்மையான பொருள். தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒரு நல்ல புத்தகத்தைப் படிக்கும் மாணவியும் ஓர் அமெச்சூர்தான்!

‘இரும்புக் கன்னியாஸ்திரி’

அமெச்சூர் வீராங்கனைகளில் நம் போன்ற கத்தோலிக்கப் பள்ளி மாணவியர் அவசியம் அறிய வேண்டியவர் அருட்சகோதரி மடோனா புடர். இவர் 1930-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். 23-ஆம் வயதில் நல்லாயன் கன்னியர் சபையில் சேர்ந்தார். பின்னர் 1970-இல் வேறொரு துறவறக் குழுவில் இணைந்து பணிபுரிந்தார். அவருக்கு 48 வயதானபோது குருவானவர் ஒருவர், ஓடுவது உள்ளத்தையும் உடலையும் ஆன்மாவையும் ஒருங்கிணைக்கும் என்று கூறினார். அதைக் கேட்டுச் சகோதரி ஓடத் தொடங்கினார். 52-ஆம் வயதில் அயர்லாந்தில் முதல் டிரையத்லானை முடித்தார். 55-ஆம் வயதில் முழுத்தூரப் போட்டியில் இறங்கினார்.

பொதுவாக மக்கள் ஓய்வுபெறும் வயதில் தொடங்கிய அவர் நிறுத்தவேயில்லை. அவருடைய வயது ஏற ஏற, அவ்வயதுப் பெண்களுக்கென்று புதிய பிரிவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று! முழுத்தூரப் போட்டிக்கு 17 மணி நேரம் எல்லை. 2006-ஆம் ஆண்டு ஹவாயில், 76 வயதில், 16 மணி 59 நிமிடம் 3 வினாடியில் முடித்தார். எல்லைக்கு 57 வினாடிகளே மீதி இருந்தன. 2012-இல் கனடாவில், 82 வயதில், மீண்டும் முழுத்தூரத்தை முடித்தபோது, அதுவரை அத்தூரத்தை முடித்த ஆண் பெண் அனைவரிலும் அவரே மூத்தவரானார். உலகம் அவரை ‘இரும்புக் கன்னியாஸ்திரி’ என்று அழைத்தது.

ஓட்டத்தையே செபமாக்கியவர் அவர். புனித பவுலும் தம் திருமுகங்களில் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப்பந்தயத்திற்கு ஒப்பிட்டிருக்கிறார் அல்லவா? ஆன்மாவைப் பேணும் நாம் உடலை அலட்சியம் செய்யலாகாது. இரண்டையும் தந்தவர் ஒருவரே.

நாம் செய்யக்கூடியது

இதைப் படித்தவுடன் கடலுக்கு ஓடிவிட வேண்டாம், தோழியரே! அரைத்தூரப் போட்டிகளில் கலந்துகொள்ள 18 வயது நிரம்ப வேண்டும். வளரும் உடலுக்கு அவ்வளவு நீண்ட உழைப்பு ஏற்றதன்று. பெரியவர்களும் மருத்துவரைக் கண்டு, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டிய பிறகே இறங்குகிறார்கள்.

ஆயினும் இன்றே தொடங்கக்கூடியவை உண்டு. நம் வகுப்புகளில் நீச்சல் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறும் குளமும் கடலும் உள்ள நாட்டில் நீந்தத் தெரியாமலிருப்பது ஆபத்து. விடுமுறைக்குச் சென்ற இடத்தில் நீரில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் படிக்கிறோம். பந்தயத்திற்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகவேனும் நாம் நீச்சல் கற்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் தமிழக அரசு வழங்கும் மிதிவண்டி பலர் வீட்டில் இருக்கிறது. அதைத் துணி காயப்போடும் கொடியாக ஆக்கிவிடாமல் ஓட்டலாம். ஓடுவதற்கோ செலவே இல்லை.

ஏழாம் வகுப்புவரை திடலில் மானைப் போல் ஓடிய நம்மில் பலர், எட்டாம் வகுப்பு வந்தவுடன் “பெரிய பெண்ணாகிவிட்டோம்” என்று ஓரமாக உட்கார்ந்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பு வந்தால் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி விளையாட்டு வேளையையும் படிப்புக்குக் கொடுத்துவிடுகிறோம். அப்படி ஒருமுறை உட்கார்ந்தவர் மீண்டும் எழுந்து ஓட இருபது ஆண்டுகள் ஆகலாம் என்பதற்கு நம் அக்காவே சான்று. “நான் உட்காராமலே இருந்திருந்தால் அந்த ஆறு நிமிடம் எனக்குப் பெரிதாக இருந்திருக்காது” என்று அவர் சொன்னது எங்கள் காதுகளில் இன்னும் ஒலிக்கிறது.

முடிவுரை

மூன்று கலைகள் சேர்ந்த இவ்விளையாட்டில் ஒவ்வொன்றும் ஒரு நற்பண்பைக் கற்பிக்கிறது. நீர் அச்சத்தை வெல்லக் கற்பிக்கிறது. சக்கரம் நிதானத்தைக் கற்பிக்கிறது. ஓட்டம் பொறுமையைக் கற்பிக்கிறது. இவற்றையெல்லாம் காலத்தின் அருமை சூழ்ந்து நிற்கிறது. நாம் அனைவரும் 113 கிலோமீட்டர் செல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் மாலை மணி அடித்ததும் திடலை ஒருமுறையேனும் சுற்றி வர நம் அனைவராலும் முடியும். இன்று ஒரு சுற்று, நாளை இரண்டு. சிறுதுளி பெருவெள்ளம் அல்லவா? எழுவோம், தோழியரே! காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டுவோம்!